கதை சொல்லி முடித்து விடைபெறுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒன்பது ஆண்டுகள் ஓர் இணையக் குழுவில் எங்கள் குடும்பத்துக் கதைகளைச் சொல்லிவந்தேன். தாத்தா வீட்டைவிட்டுப் புறப்பட்ட இரவு, எழுதப் படிக்கத் தெரியாத அப்பத்தா பத்திரமாகக் காத்துவைத்த கடிதக் கட்டு, யாரென்று தெரியாத ஒரு பெண் ஓரமாக நிற்கும் பழைய போட்டோ என்று எத்தனையோ. ஒருநாள் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு விலகினேன். இதேபோலத் தங்கள் வீட்டுக் கதைகளைப் பகிர்ந்துவந்த பலர் அதன்பிறகு என்னிடம் கேட்ட கேள்விகளும், எனக்குத் தெரிந்த பதில்களும் இவை.

சொல்லிக்கொண்டுதான் போக வேண்டுமா? எழுதுவதை மெல்லக் குறைத்து நின்றுவிட்டால் ஆகாதா?

சொல்லிக்கொண்டே போங்கள். குடும்பக் கதையைத் தொடர்ந்து கேட்பவர்கள் நம் வீட்டு மனிதர்களோடு பழகிவிடுகிறார்கள். அப்பத்தா இருந்தவரை, அவரை ஒருமுறைகூடப் பார்த்திராத ஒருவர் மாதம் தவறாமல் "பாட்டிக்கு முழங்கால் வலி தேவலையா?" என்று கேட்பார். அப்படிப்பட்டவர்கள் நம் சத்தமே இல்லையென்றால் சும்மா இருக்க மாட்டார்கள். உடம்புக்கு முடியவில்லையோ, நாம் ஏதும் தப்பாகப் பேசிவிட்டோமோ என்று மனம் எங்கெங்கோ போகும்.

எங்கள் குழுவில் மூத்தவர் ஒருவர் தன் தந்தை கப்பலில் வேலைபார்த்த கதையைச் சொல்லிவந்தார். கப்பல் துறைமுகத்தை நெருங்கும் இடத்தில் நிறுத்தினார். அடுத்த வாரம் வரவில்லை, அதற்கடுத்த வாரமும் வரவில்லை. இரண்டு ஆண்டுகள் ஆகியும் "ஐயா எங்கே?" என்று யாராவது கேட்டுக்கொண்டே இருந்தோம். அவருக்கு என்ன ஆனதென்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது.

நிறுத்தும் நேரம் வந்துவிட்டது என்பதை எப்படி அறிவது?

கதை தீர்ந்துபோவது ஓர் அறிகுறி. ஆனால் அதற்கு முன்பே இன்னொன்று வரும். அதைத்தான் கவனிக்க வேண்டும்: கதை தீர்ந்த இடத்தில் கற்பனை வந்து உட்காரும்.

தாத்தா வீட்டைவிட்டுப் போன இரவை நான் மூன்று முறை எழுதியிருக்கிறேன். முதல் முறை எழுதியது நான்கே வரி. அப்பா எனக்குச் சொன்னது அவ்வளவுதான்: சண்டை நடந்தது, தாத்தா ஒரு துணிப்பையோடு கிளம்பினார், கதவைச் சாத்தாமல் போனார், அப்பத்தாவும் அதை விடியும்வரை சாத்தவில்லை. மூன்றாம் முறை எழுதியபோது அந்த இரவில் மழை பெய்தது. திறந்த கதவு வழியே சாரல் உள்ளே வந்து வாசற்படி நனைந்தது என்று எழுதினேன். பலரும் அந்த வரியைத்தான் பாராட்டினார்கள். ஒருவர், அந்தச் சாரலை நினைத்தாலே நெஞ்சு கனக்கிறது என்றார்.

மழை பெய்தது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. நானாகச் சேர்த்தது. அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. எங்கள் வீட்டு அடுத்த தலைமுறைப் பிள்ளைகள், தாத்தா மழையில் போனார் என்றுதானே நம்பப்போகிறார்கள்! மறுநாளே அந்த வரியை எடுத்துவிட்டு, ஏன் எடுத்தேன் என்றும் எழுதினேன். போதும், முடிக்கலாம் என்ற எண்ணம் முதன்முதலாக வந்தது அன்றைக்குத்தான்.

கதை எழுதுபவர்களுக்குக் கற்பனை உரிமை உண்டு. குடும்ப வரலாறு என்று சொல்லிச் சொல்பவர்களுக்கு அந்த உரிமை கிடையாது என்பது என் உறுதியான எண்ணம்.

விடைபெறும் முன் என்ன வேலைகளை முடிக்க வேண்டும்?

விடைபெறும் சொல் சின்னது. அதற்கு முன் தீர்க்கவேண்டிய கணக்குதான் பெரியது. எனக்கு நான்கு மாதம் பிடித்தது.

முதலில் நான் சொன்ன எல்லாவற்றையும் ஒருமுறை உட்கார்ந்து படித்தேன். ஒவ்வொரு தகவலின் பக்கத்திலும் மூன்றில் ஒரு சொல்லைக் குறித்தேன்: 'ஆவணம்', 'கேட்டது', 'ஊகம்'. 'கேட்டது' என்றால் யார் சொல்லிக் கேட்டது, அவர் அதை நேரில் பார்த்தவரா, அவரும் கேட்டுத்தான் சொன்னாரா என்பதையும் சேர்த்து எழுதினேன். ஆவணம் என்று நான் நம்பிக்கொண்டிருந்ததில் பாதிக்குமேல் 'கேட்டது' என்ற இடத்துக்கு நகர்ந்தது. சங்கடமாகத்தான் இருந்தது. செய்யாமல் விட்டிருந்தால் இன்னும் சங்கடப்பட்டிருப்பேன்.

அந்தப் பழைய போட்டோ ஒரு நல்ல உதாரணம். நாற்காலியில் தாத்தா, பக்கத்தில் அவர் தம்பி, இடது ஓரத்தில் ஒரு பெண். நாற்காலியின் முதுகில் ஒரு கையை வைத்திருப்பார். அந்தக் கை மட்டும் அசைந்து மங்கலாகப் பதிந்திருக்கும். அவர் தாத்தாவின் அக்கா என்று நான் முதல் வருடமே எழுதிவிட்டேன். எங்கிருந்து எடுத்தேன்? சின்ன வயதில் யாரோ சொன்ன ஞாபகம். யார் சொன்னது என்று யோசித்தால் ஒரு முகமும் நினைவுக்கு வரவில்லை. போகும் முன் அதைத் திருத்தி, "இவர் யாரென்று தெரியவில்லை. தாத்தாவின் அக்கா என்று முன்பு எழுதியதற்கு என்னிடம் ஆதாரம் இல்லை" என்று போட்டேன்.

இன்னொன்று. ஆவணம் என்பதாலேயே எல்லாம் சரியாக இருக்கும் என்றும் நினைத்துவிடாதீர்கள். பிரிட்டனின் 1841 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், 15 வயதுக்கு மேற்பட்டவர்களின் வயதைக் கீழ்நோக்கி ஐந்தின் மடங்காகக் குறிக்கச் சொல்லியிருந்தார்கள். 34 வயதுக்காரர் அதில் 30 வயதாக இருப்பார். அதே நாட்டில் 1752-ல் நாட்காட்டி மாறியபோது செப்டம்பர் 2-க்கு அடுத்த நாள் செப்டம்பர் 14 ஆனது. பிறந்த தேதியை அப்படியே விடுவதா, புதுக் கணக்குக்கு மாற்றுவதா என்ற குழப்பம் பல குடும்பக் குறிப்புகளில் இருக்கிறது. இரண்டு தேதிகள் ஒத்துவராவிட்டால் ஒன்றை அழித்துவிட்டு மற்றதை வைக்காதீர்கள். இரண்டையும் எழுதி, எது எங்கிருந்து வந்தது என்று குறித்துவிட்டுப் போங்கள். பின்னால் வருபவர் பார்த்துக்கொள்வார்.

பாதியில் நிற்கும் கதைகளை முடித்துவைக்க வேண்டுமா என்றும் கேட்கிறார்கள். முடிவு தெரிந்தால் சுருக்கமாகவாவது சொல்லிவிடுங்கள். தெரியாவிட்டால், இதற்குமேல் எனக்குத் தெரியாது என்று சொல்வதும் ஒரு முடிவுதான்.

உயிரோடு இருப்பவர்களைப் பற்றி எழுதியிருக்கிறேன். அவற்றை என்ன செய்வது?

இங்கேதான் நான் பெரிய தப்பு செய்தேன்.

என் சித்திக்கு முதல் குழந்தை பிறந்த சில நாட்களிலேயே தவறிவிட்டது. நாற்பது வருடத்துக்கு முந்தைய விஷயம். குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும் என்பதால் அதையும் ஒரு கதையாகச் சொல்லிவிட்டேன். பெயர் போடவில்லை, மரியாதையாகத்தான் எழுதியிருந்தேன். யாரோ ஒரு உறவினர் அதைச் சித்தியிடம் வாசித்துக் காட்டிவிட்டார். சித்தி போனில் கோபப்படவில்லை. "ஏண்டி, என் பிள்ளையைப் பத்தி எழுதறதுக்கு முன்னாடி என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே" என்றார். பிறகு கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அதற்கப்புறம், குழந்தைக்கு என்ன பெயர் வைக்க நினைத்திருந்தார் என்பதைச் சொன்னார். அந்தப் பெயர் எங்கள் யாருக்கும் தெரியாது. அதை நான் எங்கும் எழுதவில்லை, எழுதவும் மாட்டேன்.

அந்தக் கதையை அன்றே எடுத்தேன். போகும் முன், உயிரோடு இருக்கும் ஒவ்வொருவருக்கும் அவரைப் பற்றி நான் எழுதியதை வாசித்துக் காட்டிச் சம்மதம் கேட்டேன். ஏழு பேர் சரி என்றார்கள். இரண்டு பேர் வேண்டாம் என்றார்கள், எடுத்துவிட்டேன். ஒரு பெரியப்பா, "நான் போனபிறகு போட்டுக்கோ" என்றார். அதுவும் சம்மதம்தான், நாள் மட்டும் தள்ளி.

அரசாங்கங்களே இதில் எவ்வளவு பொறுமை காட்டுகின்றன பாருங்கள். அமெரிக்காவில் கணக்கெடுப்பின் தனிநபர் விவரங்களை 72 ஆண்டுகள் மூடியே வைக்கிறார்கள். 1950-ல் எடுத்த கணக்கு 2022 ஏப்ரல் 1 அன்றுதான் திறந்தது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 100 ஆண்டுகள். 1921 கணக்கெடுப்பு 2022 ஜனவரியில் வெளிவந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டம் உயிரோடு இருப்பவர்களின் விவரங்களுக்குத்தான் பொருந்தும். இறந்தவர் விஷயத்தில் விதி வகுப்பதை அந்தந்த நாட்டிடம் விட்டிருக்கிறது. ஆனால் சட்டம் கேட்காத இடத்திலும் சித்தி கேட்பார். இறந்த குழந்தையின் அம்மா உயிரோடுதானே இருக்கிறார்.

எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் போகலாமா?

நீங்கள் எழுதியது உங்களுடையது, உரிமை உண்டு. ஆனாலும் கொஞ்சம் யோசியுங்கள். உங்கள் கதைக்குக் கீழே மற்றவர்கள் தங்கள் வீட்டுக் கதைகளைச் சொல்லியிருப்பார்கள். உங்கள் பாகம் போய்விட்டால் அவர்களுடையது எதற்கான பதில் என்றே புரியாமல் அந்தரத்தில் நிற்கும். சம்மதம் இல்லாததையும் தப்பானதையும் மட்டும் எடுங்கள். மற்றதை விட்டுவிடுங்கள்.

அடுத்தவர் எழுதிய கடிதங்களை அப்படியே படம்பிடித்துப் போட்டிருந்தால் அது வேறு கணக்கு. பெரும்பாலான நாடுகளில் காகிதம் கடிதத்தைப் பெற்றவருக்குச் சொந்தம், அதிலுள்ள எழுத்தின் காப்புரிமை எழுதியவருக்குச் சொந்தம். பெர்ன் ஒப்பந்தம் என்ற சர்வதேசக் காப்புரிமை உடன்பாட்டின்படி அது எழுதியவர் இறந்து குறைந்தது 50 ஆண்டுகள் வரை நீடிக்கும். பல நாடுகளில் அதைவிடக் கூடுதல். எழுதியவரின் பிள்ளைகளிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவதுதான் நல்லது.

நான் போனபிறகும் கதைகள் அங்கேயே பத்திரமாக இருக்கும் அல்லவா?

அப்படி நம்பி விட்டுவிடாதீர்கள். ஜியோசிட்டீஸ் என்ற இணையப்பக்கச் சேவை அமெரிக்காவில் 2009-ல் மூடியது. ஆர்குட் 2014 செப்டம்பரில். கூகுள் பிளஸ் 2019 ஏப்ரலில். யாஹூ குரூப்ஸ் 2020 டிசம்பரில். இவை ஒவ்வொன்றிலும் எத்தனை பேர் தங்கள் பாட்டி, தாத்தாவைப் பற்றி எழுதியிருப்பார்கள்! முன்னறிவிப்பு வந்தது. ஆனால் அதைப் பார்க்க எழுதியவர் அங்கே இருந்திருக்க வேண்டுமே. விலகிப்போனவருக்கு யார் சொல்வது?

ஆகவே உங்கள் கையில் ஒரு முழுப் பிரதி இருந்தே ஆக வேண்டும். நான் செய்ததைச் சொல்கிறேன்.

எழுத்து முழுவதையும் ஒரே பிடிஎஃப் ஆக்கினேன். கூடவே எந்த அலங்காரமும் இல்லாத வெறும் டெக்ஸ்ட் கோப்பாகவும் வைத்தேன், எந்தக் காலத்துக் கம்ப்யூட்டரிலும் திறக்கும் என்பதால். போட்டோக்களை 600 டிபிஐ அளவில் (ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளிகள்) ஸ்கேன் செய்து, படத்தின் தரம் குறையாத டிஃப் (TIFF) கோப்பாகச் சேமித்தேன். ஏற்கெனவே வாட்ஸாப்பில் சுற்றிய போட்டோக்களை எடுத்து வைத்துக்கொள்ளாதீர்கள். சாதாரணமாகப் போட்டோவாக அனுப்பும்போது அது படத்தைச் சுருக்கிவிடும், எடுத்த தேதி போன்ற உள்விவரங்களையும் நீக்கிவிடும். அனுப்பித்தான் ஆக வேண்டுமென்றால் 'டாக்குமென்ட்' ஆக அனுப்புங்கள். வம்சாவளி மரத்தை ஏதாவது மென்பொருளில் வைத்திருந்தால் அதை ஜெட்காம் வடிவில் இறக்கி வையுங்கள். 1984-ல் மார்மன் திருச்சபை உருவாக்கிய வடிவம் அது. இன்றைக்கும் ஏறக்குறைய எல்லா வம்சாவளி மென்பொருளும் அதைப் படிக்கும்.

பிறகு, புகைப்படக்காரர்கள் சொல்லும் 3-2-1 கணக்கு: மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்களில், அதில் ஒன்று வேறொரு இடத்தில். எனக்கு அந்த மூன்றாவது, தம்பி மகளின் வீட்டு அலமாரியில் இருக்கும் பென்டிரைவ். அவளுக்குப் பதினேழு வயது. இதில் ஆர்வம் இருக்கிறதா என்று கேட்டேன். "இப்ப இல்ல அத்தை, ஆனா வச்சிருக்கேன்" என்றாள். எனக்கு அது போதும்.

அச்சிட்ட பிரதியும் ஒன்று வேண்டும். அசல் போட்டோவின் பின்பக்கம் விவரம் எழுதுவதென்றால் மென்மையான பென்சிலால், அழுத்தாமல், ஓரத்தில் எழுதுங்கள். பால்பாயின்ட் பேனாவை அழுத்தினால் முன்பக்கம் தடம் விழும், மையும் ஊறும்.

அப்பத்தாவின் குரல் பதிவும் இருந்தது. பதினோரு நிமிடம். பின்னணியில் சுவர்க் கடிகாரம் ஓடும் சத்தம், நடுவில் ஒருமுறை "அது ஓடுதா?" என்று ரெக்கார்டரைக் காட்டிக் கேட்பது. இரைச்சலை நீக்கித் தருகிறேன் என்று ஒருவர் அன்போடு சொன்னார். வேண்டாம் என்றேன். அசலை அசலாகவே விடுங்கள். சுத்தம் செய்வதென்றால் பிரதியில் செய்யுங்கள்.

என் கணக்கை மூடிவிடலாமா, அப்படியே விடலாமா?

மூடினால் சில இடங்களில் நீங்கள் எழுதியதும் சேர்ந்து போய்விடும். முதலில் அதை விசாரியுங்கள். கூகுளில் இரண்டு ஆண்டுகள் தொடாமல் விட்ட தனிநபர் கணக்கை நீக்கும் விதி 2023 டிசம்பரிலிருந்து அமலில் இருக்கிறது. குடும்பப் படங்கள் அங்கே இருந்தால் கவனம். அதிலேயே, கணக்கு இத்தனை மாதம் அசையாமல் இருந்தால் இன்னாருக்குத் தகவல் கொடு என்று முன்கூட்டியே சொல்லிவைக்கும் வசதியும் உண்டு. ஃபேஸ்புக்கில் 2015 முதல், நமக்குப் பின் கணக்கைப் பார்த்துக்கொள்ள ஒருவரை நியமிக்கலாம். பத்து நிமிட வேலை.

கடைசி மெசேஜில் என்ன எழுதுவது?

நீளமாக வேண்டாம். நான் ஆறு முறை எழுதிக் கிழித்தேன். முதல் ஐந்திலும் என்னைப் பற்றித்தான் அதிகம் இருந்தது. கடைசியில் அனுப்பியது இது:

"நண்பர்களே, எங்கள் வீட்டுக் கதைகளில் எனக்குத் தெரிந்தவற்றைச் சொல்லி முடித்துவிட்டேன். தப்பாகச் சொன்னவற்றை முடிந்தவரை திருத்தியிருக்கிறேன். நாற்காலிக்குப் பக்கத்தில் நிற்கும் பெண் யாரென்று இன்னும் தெரியவில்லை. தெரிந்தவர்கள் எப்போது வேண்டுமானாலும் கீழே உள்ள மின்னஞ்சலுக்கு எழுதுங்கள். அப்பத்தா போன வாரத்தில் நீங்கள் என்னைத் தனியாக விடவில்லை. அதை மறக்க மாட்டேன். கோபத்தினாலோ நோயினாலோ போகவில்லை. போய்வருகிறேன்."

கோபமோ நோயோ இல்லை என்று சொன்னது முக்கியம் என்று பிறகு பலர் சொன்னார்கள். உடம்பு சரியில்லாததால்தான் விலகுகிறீர்கள் என்றால் அதையும் மறைக்க வேண்டாம், விவரம் சொல்லாமல் அதை மட்டும் சொல்லலாம். திரும்பி வருவதாக நினைப்பில்லாதபோது "சீக்கிரம் சந்திப்போம்" என்று எழுதாதீர்கள். காத்திருப்பவர்கள் இருப்பார்கள்.

எல்லோர் பெயரையும் சொல்லி நன்றி சொல்ல வேண்டுமா?

பொதுவில் பெயர்ப்பட்டியல் போட்டால் விட்டுப்போன ஒருவர் மனம் வருந்துவார். தனியாக எழுதுங்கள். "எல்லாவற்றுக்கும் நன்றி" என்பதைவிட, அவர் செய்த ஒரு காரியத்தைச் சொல்லுங்கள். தாத்தாவின் கடிதத்தில் யாராலும் படிக்க முடியாமல் இருந்த ஒரு சொல்லை, கையெழுத்தைப் பெரிதாக்கி மூன்று நாள் பார்த்துப் படித்துச் சொன்னார் ஒரு அம்மா. அந்தச் சொல் 'கடன்'. அதற்கப்புறம்தான் தாத்தா ஏன் போனார் என்பதே எங்களுக்குப் புரிந்தது. அவருக்கு நன்றி சொல்லும்போது அந்த ஒரு சொல்லைத்தான் எழுதினேன்.

மனக்கசப்போடு விலகுகிறேன். அதைச் சொல்லலாமா?

குழுவைப் பார்த்துக்கொள்பவரிடம் தனியாகச் சொல்லுங்கள். விடைபெறும் மெசேஜில் வேண்டாம். நீங்கள் சொன்ன அத்தனை கதைகளையும் விட்டு அந்தச் சண்டையைத்தான் எல்லோரும் ஞாபகம் வைத்திருப்பார்கள்.

விலகியபிறகு வீடே காலியானது போல இருக்கிறது. இது சகஜமா?

சகஜம்தான். எனக்கு அது இரண்டாவது முறை அப்பத்தாவை அனுப்பிவைத்தது போல இருந்தது. ஒன்பது வருடம் வாராவாரம் அவரைப் பற்றிப் பேசியிருக்கிறேன், கேட்க ஆள் இருந்தது. திடீரென்று அவரைப் பற்றி யாரும் விசாரிப்பதில்லை. முதல் சில வாரங்கள் பழக்கதோஷத்தில் செவ்வாய்க்கிழமை ராத்திரி நோட்டை எடுத்து உட்கார்ந்துவிடுவேன்.

எனக்கு உதவியது ஒன்றுதான். அந்தச் செவ்வாய்க்கிழமை நேரத்தில் சித்திக்குப் போன் செய்ய ஆரம்பித்தேன். எழுதுவதற்காக எதையும் கேட்பதில்லை. சும்மா பேசுவோம். சில நாள் அப்பத்தா பேச்சு வரும், சில நாள் வராது.

போனபிறகு யாராவது புதுத் தகவலோடு வந்தால்?

அதற்காகத்தான் ஒரு மின்னஞ்சல் முகவரியை விட்டுவிட்டு வரச் சொல்கிறேன். தினம் பார்க்கிற முகவரியாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை, மாதம் ஒருமுறையாவது திறப்பதாக இருக்கட்டும். வந்த தகவலையும் அதே மூன்று சொல்லில் ஒன்றைப் போட்டுத்தான் சேர்க்க வேண்டும்.

நான் விலகி எட்டு மாதம் கழித்து ஒரு மின்னஞ்சல் வந்தது. நான் கேள்விப்பட்டிராத ஒருவர். அவர் வீட்டிலும் அதே போட்டோவின் இன்னொரு பிரதி இருந்ததாம். பின்பக்கத்தைப் படம்பிடித்து அனுப்பியிருந்தார். மூன்று பெயர்கள், இடமிருந்து வலமாக. முதல் பெயர் அந்தப் பெண்ணுடையது. அவர் தாத்தாவின் அக்கா இல்லை. தாத்தாவின் தம்பிக்கு நிச்சயம் செய்து, கல்யாணத்துக்கு முன்பே காய்ச்சலில் இறந்துபோனவர் என்று மின்னஞ்சல் அனுப்பியவர் சொன்னார். அது அவர் தன் பாட்டியிடம் கேட்டது.

எங்கள் பிரதியை எடுத்துத் திருப்பினேன். அதில் நான் முன்பே பென்சிலால் போட்டிருந்த கேள்விக்குறி இருந்தது. அதை அழிக்கவில்லை. பக்கத்தில் அந்தப் பெயரை எழுதி, 'பெயர்: ஆவணம். மற்றது: கேட்டது' என்று குறித்து, தேதி போட்டேன். அப்புறம் தம்பி மகளைக் கூப்பிட்டு அவளிடம் இருக்கும் அச்சுப் பிரதியிலும் எழுதச் சொன்னேன். "இரு அத்தை, பென்சில் தேடறேன்" என்றாள்.